இன்னொரு சாவி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருச்சியில் இருந்து சித்தப்பா போன் பண்ணினார்.

''கோயமுத்தூர்ல இருந்து ஒரு லெட்டர் வந்திருக்குடா. '86-ல் வாங்கிய வண்டி உங்களுடையதுதானா?'னு கேட்டிருக்காங்க. நம்ம வண்டியை வெச்சு எவனாச்சும் ஏதாச்சும் பண்ணிட்டானா? போலீஸ் கேஸா இருக்குமோ?''

போலீஸ் இல்லை. லெட்டரில் இருந்த நம்பருக்குப் பேசினேன். பழைய மோட்டார் சைக்கிள்கள் சேகரிக்கிற இளைஞர் அவர். ஆர்.சி. புத்தகத்தில் முதல் ஓனராக சித்தப்பாவின் பெயரும் முகவரியும் இருந்திருக்கின்றன. வண்டியின் கதை தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு எழுதியிருக்கிறார்.

வண்டி, ராஜ்தூத் 350.

நாற்பது தாண்டியவர்களில் சிலருக்கு இந்நேரம் காதுக்குள் ஒரு சத்தம் கேட்டிருக்கும். மற்றவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஜப்பானின் யமஹா ஆர்.டி. 350-ஐ, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் ராஜ்தூத் என்ற பெயரில் இங்கே தயாரித்து விற்றது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். அதே வருஷம் வந்த 'ஹீரோ' இந்திப் படத்தில் ஜாக்கி ஷெராஃப் ஓட்டியது இதைத்தான். ஜப்பான் வண்டிக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். நம் ஊருக்கு வந்தபோது அது டிரம் பிரேக் ஆகிவிட்டது. ஓடுகிற வேகத்துக்கு நிற்காது. ஆர்.டி. என்றால் 'ரேஸ் டெவலப்ட்' என்பார்கள் ரசிகர்கள். 'ரேபிட் டெத்' என்பார்கள் மற்றவர்கள்.

1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று விளம்பரம். ஊரே அந்தப் பக்கம் திரும்பியது. 1990 வாக்கில் ராஜ்தூத் 350-ன் உற்பத்தியே நின்றுபோனது.

அப்படிப்பட்ட வண்டியைத்தான் சித்தப்பா வாங்கினார். திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. கல்யாணம் ஆகவில்லை. கூட்டுறவு சங்கத்தில் லோன் போட்டார். தெருமுனையில் அவர் வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். டேங்க் மேல் என்னை உட்காரவைத்து ஒரு ரவுண்டு. காவிரிப் பாலத்தில் போகும்போது கண்ணில் தண்ணீர் வரும். அந்த டூ ஸ்ட்ரோக் ஆயில் புகையின் வாசனைதான் என் சின்ன வயசின் வாசனை.

1991-ல் அப்பா இறந்தார். நான் ஆறாம் வகுப்பு, தங்கை மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்கு வேலை இல்லை. ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடன் தலைக்கு மேல். காரியம் முடிந்த அடுத்த வாரம் வண்டியைக் காணோம். வாசலில் ஒரு பழைய டி.வி.எஸ். 50 நின்றது. தங்கை முன்னால், நான் பின்னால், பைக்கட்டுகள் ஹேண்டில்பாரில். பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் அதில்தான் போனோம். சங்கத்து லோன் மட்டும், வண்டி போன பிறகும் ஆறு மாசம் சித்தப்பாவின் சம்பளத்தில் பிடித்தார்கள்.

பி.காம். முதல் வருஷத்தில் 'தேய்மானம்' என்று ஒரு பாடம் வரும். இயந்திரம் என்றால் வருஷா வருஷம் மதிப்பு குறையத்தான் வேண்டும். கடைசியில் எடைக்குப் போடுகிற விலைதான் மிச்சம். சித்தப்பா விற்றது ஏழாயிரத்து ஐந்நூறுக்கு. கோவை இளைஞர் வாங்கியது மூன்றே கால் லட்சத்துக்கு. என் பேராசிரியர் சொல்லித்தராத கணக்கு இது.

சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு கோவை போனேன். வழியெல்லாம் பேசவில்லை. சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாத்திரையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

''வாங்கய்யா, வாங்க'' என்று ஷெட்டைத் திறந்தார் அந்த இளைஞர். உள்ளே ஒரு யெஸ்டி ரோட்கிங். 'பாபி' படத்தில் ரிஷி கபூர் ஓட்டினாரே, அந்தக் குட்டி ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175. டீசலில் ஓடும் புல்லட் ஒன்று. ஓரத்தில் எங்கள் வண்டி.

''இதுல ரெண்டு வகை இருக்குங்க. எச்.டி., எல்.டி.னு சொல்லுவாங்க. எச்.டி. 30.5 குதிரைத்திறன். அப்புறம் மைலேஜுக்காக 27-ஆக் குறைச்சு எல்.டி. விட்டாங்க. இது எச்.டி.ங்க. வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்கக் கூடாதுங்க. இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டும் ஆர்.சி.யோட ஒத்துப்போகுதானு பார்க்கணும். பெயின்ட்டை எப்ப வேணும்னாலும் அடிச்சுக்கலாம். நம்பர் தப்பாப்போனா எல்லாமே போச்சு'' என்றார்.

''இது இப்போ விண்டேஜ் வண்டியா?'' என்றேன்.

''இன்னும் இல்லைங்க. 2021-ல மத்திய அரசு விதி போட்டாங்கள்ல? முதல் ரெஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 50 வருஷம் ஆகணும். இது 2036-லதான் தேறும்.''

''எப்படிங்க இவ்வளவு விலை?''

''நிறையப் பேர் வித்துட்டாங்க, மிச்சத்தை உடைச்சு எடைக்குப் போட்டுட்டாங்க. அதான் காரணம். எல்லாரும் பத்திரமா வெச்சிருந்தா, இதுக்கு ஏதுங்க மதிப்பு?''

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அவர் கொடுத்த மூன்றே கால் லட்சத்தில், விற்றவர்களின் கஷ்டமும் சேர்ந்துதானே இருக்கிறது? எத்தனை வீட்டில் ஸ்கூல் ஃபீஸ், எத்தனை வீட்டில் ஆஸ்பத்திரி பில்!

கிக்கரை உதைத்தார். அந்தச் சத்தம். சித்தப்பா கண்ணை மூடிக் கேட்டார். ''லெஃப்ட் சிலிண்டர் சரியா எரியலை தம்பி. பாயின்ட்டைப் பாருங்க'' என்றார். இளைஞர் அசந்துபோனார். ''ஓட்டிப் பார்க்கறீங்களாய்யா?'' என்றதற்கு, ''முட்டி ஒத்துக்காது'' என்று ஒதுங்கிக்கொண்டார்.

''ஒரே ஒரு குறைங்க. ஒரிஜினல் லாக் செட் இருக்கு. சாவி இல்லை. முன்னாடி வெச்சிருந்தவர் வேற லாக் மாட்டி ஓட்டியிருக்கார். பழசைக் கழட்டி டப்பால போட்டு வெச்சிருக்கேன்.''

சித்தப்பா சட்டைப்பைக்குள் கைவிட்டார். மாத்திரை இல்லை. சாவி.

''வண்டியோட ரெண்டு சாவி குடுத்தாங்க. விக்கிறப்ப, இன்னொண்ணு எங்கேனு கேட்டான். தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டேன். அதுக்காக ஐம்பது ரூபா கழிச்சுக்கிட்டான்.''

எத்தனை வருஷம்! சித்திக்குக்கூடத் தெரியாது. இளைஞர் ஓடிப்போய் டப்பாவை எடுத்துவந்தார். லாக்குக்குள் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சாவியை நுழைத்து மெதுவாகத் திருப்பினார் சித்தப்பா. முதலில் முரண்டு பிடித்தது. அப்புறம் 'டக்'கென்று திரும்பியது.

''ஐயா, இதுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க'' என்றார் அவர்.

''ஐம்பது ரூபா குடுங்க. போதும்.''

திரும்பி வரும்போது, கரூர் தாண்டியதும் கேட்டேவிட்டேன்.

''எங்களாலதானே சித்தப்பா வித்தீங்க?''

''அதெல்லாம் ஒண்ணுமில்லடா. இருபத்தஞ்சு கிலோமீட்டர்கூட மைலேஜ் குடுக்காது. யாரு பெட்ரோல் போடறது?''

நான் பி.காம். ஒரு பக்கம் சொத்து குறைந்தால், இன்னொரு பக்கம் ஏதாவது மாறியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். 1991-ல் சித்தப்பாவின் கணக்கில் ஒரு ராஜ்தூத் 350 குறைந்தது. மறுபக்கத்தில் நானும் தங்கையும் படித்தோம்.

அவர் அந்த ஐம்பது ரூபாய் நோட்டை நான்காக மடித்து, சாவி இருந்த பையில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்.