பேர் சொல்லி அழுத கூட்டம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரைப்பரீட்சை லீவு. அன்று காலை அக்கரைப்பேட்டையில் சுனாமியாக எழுந்த கடல் என்ன செய்தது என்பதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அதில் என் தங்கச்சியும் ஒருத்தி. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

செத்தவர்களைக் குளிப்பாட்டி, கோடி போட்டு அனுப்பிவைக்க எங்களுக்கு வாய்க்கவில்லை. பொக்லைன் தோண்டிய குழிகளில் வரிசையாக இறக்கி மூடினார்கள். கருமாதி செய்ய பல வீடுகளில் ஆளே மிஞ்சவில்லை. அம்மா அழவேயில்லை. கருவை முள்ளில் சிக்கிக் கிடந்து கிடைத்த தங்கச்சியின் பள்ளிக்கூடச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தார் ஷீட் கொட்டகையில் அதன் பித்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக உட்கார்ந்திருப்பாள்.

நாலு கொட்டகை தள்ளி ஒரு ஆயா இருந்தாள். மகன், மருமகள், பேரன் மூவரையும் பறிகொடுத்தவள். ஒரு சாயங்காலம் வந்து அம்மாவுக்கு எதிரே குந்தினாள். "ஏண்டி, எத்தினி நாளைக்கு இப்புடியே இருப்ப? புள்ள பேரச் சொல்லி ஒரு தரம் அழுதியா?" அம்மா வாய் திறக்கவில்லை. ஆயாவே ஒப்பாரியை எடுத்தாள். தன் மகனைப் பாடவில்லை, என் தங்கச்சியைப் பாடினாள். நெத்திலிக் கருவாட்டுக்குக் காக்கா விரட்டியதை, தோடு கேட்டு அடம்பிடித்ததை எல்லாம் இழுத்து இழுத்துப் பாடினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். அம்மா அன்றுதான் கதறினாள்.

அதன்பிறகு பொழுது சாய்ந்தால் அந்தக் கூட்டம் கூடிவிடும். ஒரு நாள் இந்த வீட்டுப் பிள்ளை, மறுநாள் அந்த வீட்டுப் புருஷன். குழிக்குள் பேரில்லாமல் போனவர்களுக்கெல்லாம் பேர் சொல்லி அழுதார்கள். அழுது ஓய்ந்ததும் யார் அடுப்பிலாவது வரக்காப்பி கொதிக்கும். செத்தவரின் சேட்டை ஏதாவது பேச்சில் வந்து சிரிப்பும் கிளம்பும்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பயிற்சி எடுத்த அக்காமார் இரண்டு பேர் வருவார்கள். பிள்ளைகள் எங்களைப் படம் வரையச் சொல்வார்கள். எல்லாரும் அலையைத்தான் வரைந்தோம், தென்னைமரத்தைவிட உயரமாக, கறுப்பாக. ஒப்பாரியை அவர்கள் தடுக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து கேட்டார்கள். அதனாலேயே அம்மாவுக்கு அவர்கள்மேல் தனி மரியாதை.

குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு, பிள்ளையை இழந்த தாய்மாருக்குக் கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் ஆபரேஷனை அரசு இலவசமாகச் செய்தது. போகலாமா வேண்டாமா என்பதும் அந்த வட்டத்தில்தான் பேசி முடிவானது. சிலர் போனார்கள். அம்மா போகவில்லை. யாரும் ஏனென்று குடையவில்லை.

மீன் பிணம் தின்றிருக்கும் என்று ஜனங்கள் மீனே வாங்காத காலம் ஒன்று இருந்தது. அது தணிந்து தொழில் தொடங்கியபோது, அன்னக்கூடையைத் தூக்கிய அம்மாவுக்குக் கூவத் தொண்டை வரவில்லை. கூடப் போன பெண்கள் அவள் கூடைக்கும் சேர்த்துக் கூவினார்கள். கூடை காலியான பிறகுதான் எல்லாருமாகத் திரும்பினார்கள்.

இழவு வீட்டுக்குப் போனால் "அழாதே" என்று சொல்லாதீர்கள். பதினாறாம் நாள் முடிந்து பந்தல் பிரித்த பிறகும் ஒரு நடை போய்வாருங்கள். போனவரின் பேரைச் சொல்லிப் பேசுங்கள்.