பானையைத் தட்டிப் பார்க்கிறோம்... மண்டபத்தை?

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒன்று புரிந்துவிடும். கட்டடம் இடிந்தால் அது பிரேக்கிங் நியூஸ். இடிந்துவிடாமல் இருக்க யாரோ மேலே ஏறிப் பார்த்தார்கள் என்றால், அதை யாரும் கிளிக் செய்ய மாட்டார்கள்.

2022-ல் குடும்பத்தோடு கன்னியாகுமரி போயிருந்தோம். திருவள்ளுவர் சிலையைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் போக அனுமதி இல்லை. "ஏட்டி, இம்புட்டுத் தூரம் வந்து கம்பிக்குள்ள நிக்க வள்ளுவரையா பாக்கணும்?" என்று ஆச்சி அலுத்துக்கொண்டார். எனக்கும் எரிச்சல்தான். எந்தப் பக்கம் திரும்பி செல்ஃபி எடுத்தாலும் சாரம்தான் விழுந்தது.

உள்ளே என்ன நடந்தது என்பதை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் படித்தேன். 38 அடி பீடம், 95 அடி சிலை என மொத்தம் 133 அடி. கணபதி ஸ்தபதி வடித்து, 2000 ஜனவரி 1-ம் தேதி திறக்கப்பட்டது. 2004 சுனாமியையே தாங்கி நின்ற சிலை. அதற்குத் தினசரித் தொல்லை உப்புக் காற்று. உப்புத் தண்ணீர் கல்லின் நுண்ணிய துளைகளில் இறங்கிக் காயும்போது, உப்பு படிகமாகிக் கல்லை உள்ளிருந்தே தள்ளும். அதனால் சில வருடங்களுக்கு ஒருமுறை சிலையைக் கழுவி, கல் இணைப்புகளில் விட்டுப்போன இடங்களைப் பூசி, காகிதக் கூழை அப்புகிறார்கள். அது காயக் காய உப்பை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் சிலிக்கான் பூச்சு. ஆச்சிக்கு இதைச் சொன்னேன். "ஊறுகாய்ச் சாடி மாதிரின்னு சொல்லு. உப்பு பட்டா எதுதான் தாங்கும்?" என்றார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு இப்படிப்பட்ட விஷயங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத் தூண் 555 அடி உயரம். 2011 ஆகஸ்ட் 23-ல் வந்த 5.8 ரிக்டர் நிலநடுக்கத்தில் அதன் உச்சிப் பக்கத்துக் கற்களில் விரிசல் விட்டது. பொறியாளர்கள் உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கியபடி இறங்கி, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பதிவு செய்தார்கள். பழுது பார்த்து மறுபடி திறக்க 2014 மே மாதம் ஆனது. கிட்டத்தட்ட மூன்று வருடங்கள்!

இந்த வேலையில் எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. கான்கிரீட்டுக்குள் ஒலி அலையை அனுப்பி, அது எவ்வளவு வேகமாக மறுபக்கம் வருகிறது என்று அளக்கிறார்கள். உள்ளே விரிசல் இருந்தால் தாமதமாகும். சுவர் விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டிவைப்பது பழைய முறை. விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். ஆனாலும் முதல் பரிசோதனை, சுத்தியலால் மெல்லத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதுதான். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விட்டுப்போயிருந்தால் 'பொத்'தென்று கேட்கும். பொங்கலுக்குப் பானை வாங்கும்போது ஆச்சி செய்வதும் இதுதானே!

தட்டிப் பார்க்கும் தூரத்தில் இல்லாதவைதான் பயமுறுத்துகின்றன. லண்டனில் 1901-ல் திறக்கப்பட்ட அப்போலோ தியேட்டரில், 2013 டிசம்பர் 19 இரவு நாடகம் நடந்துகொண்டிருந்தபோது கூரை அலங்காரப் பூச்சின் ஒரு பகுதி பார்வையாளர்கள் மேல் விழுந்தது. 70 பேருக்கு மேல் காயம். உயிரிழப்பு இல்லை என்பது ஆறுதல். காரணம் என்ன தெரியுமா? பூச்சை மேலே இழுத்துப் பிடித்திருந்த, சாந்தில் தோய்த்த சணல் துணிக் கட்டுகள் நூறு வருடத்தில் நைந்துபோயிருந்தன. கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் அழகான கூரைதான் தெரியும். கட்டுகள் இருப்பது அதற்கு மேலே. யாராவது ஏறிப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

நம் ஊரிலும் திருமண மண்டபம், பள்ளிக்கூடம், தியேட்டர் எல்லாவற்றுக்கும் உரிமம் கொடுக்கும்போது கட்டட உறுதிச் சான்று கேட்கிறார்கள். ஆனால், வாடகைக்கு எடுக்கும் நாம் கேட்கிறோமா?

போன மாதம் அக்கா கல்யாணத்துக்காக மண்டபம் பார்க்கப் போனோம். பழைய கட்டடம், அழகான பால்ஸ் சீலிங். அப்பா ஏசி, பார்க்கிங், ஜெனரேட்டர் எல்லாம் விசாரித்து முடித்ததும், நான் உறுதிச் சான்று பற்றிக் கேட்டேன். "இதையெல்லாம் யாருமே கேட்டதில்லையே மேடம்" என்றார் மேனேஜர். "ஏம்மா, நல்ல காரியம் பேச வந்த இடத்துல..." என்று அப்பா கையைப் பிடித்து இழுத்தார். ஆனாலும் ரெண்டு நாள் கழித்து மேனேஜர் சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். தேதி சரியாகத்தான் இருந்தது. 'சீலிங்குக்கு மேலே யாராவது ஏறிப் பார்த்தாங்களா சார்?' என்று பதில் போட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

அப்பா இப்போது வேறு மண்டபம் தேடிக்கொண்டிருக்கிறார். ஏசிக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வைத்திருக்கிறார்.