ரங்கமணி லீவும் பத்தாயிரம் ரூபா மலையும்

ரங்கமணி வாராரு மக்கா! பங்குனி மாசம், முழுசா 30 நாள் லீவு. மஸ்கட்ல இருந்து திருவனந்தபுரம், அங்கேருந்து ஆழ்வார்திருநகரி. டிக்கெட் போட்டாச்சு. போட்ட அன்னிக்கே ஃபோன்ல ஒரு விண்ணப்பம் வந்துச்சு. "ஏளா, இந்த தடவ எங்கயாவது குளிர்ற எடத்துக்குப் போவோம். பேசினா வாயில இருந்து புகை வரணும்." பாவம், பாலைவனத்துல வெல்டிங் பக்கத்துல நிக்கிற மனுஷன். வேற என்ன கேப்பாரு?

கேட்டது சின்ன ஆசைதான். ஆனா மாச பட்ஜெட் போடுறவளுக்குத்தான தெரியும் அதுல எத்தனை முடிச்சு இருக்குன்னு. நம்ம ஊரு ஆத்தங்கரை ஊரு. வயலும் வாழையும் உண்டு, கிழக்க கொஞ்ச தூரத்துல கடலும் உண்டு. மலைதான் கிடையாது. பங்குனி பிறந்துட்டா மொட்டை மாடில வெறுங்கால் வைக்க முடியாது. ஊர் உலகத்துக்கெல்லாம் இது வசந்த காலமாம். நம்ம பெரியவங்க சித்திரை, வைகாசியை இளவேனில்னு வச்சாங்க பாருங்க, அதுலயே ஒரு உண்மை இருக்கு. இளசோ முத்தலோ, வேனில் வேனில்தான் :)

முதல்ல காசுக் கணக்குதான் போட உக்காந்தேன். போடப் போடத்தான் தெரிஞ்சுச்சு, எங்ககிட்ட கம்மியா இருக்கது காசு இல்ல, நாளுன்னு. நீங்களே பாருங்க. வர ஒரு நாள், போக ஒரு நாள், ஆக 2. வந்ததும் தூங்கி எந்திரிக்க 2. பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி கோயில், போக ஒரு நாள், இடுப்பு வலிக்கு ஒரு நாள், 2. ரெண்டு கல்யாணம், ஒரு சடங்கு, ஒரு பால்காய்ப்பு, 4. சாத்தான்குளத்துல எங்க அம்மா வீடு 2. நாத்தனார்மார் வீடு ரெண்டுக்கும் சேத்து 3. பேங்க், பட்டா, ஆதார்னு அலையறதுக்கு 3. பல் டாக்டர் 1. வெள்ளத்துல விரிசல் விட்ட பின்பக்கச் சுவரைப் பூச 2. அவரோட சேக்காளிகளுக்கு 2. பையனுக்குன்னே தனியா 3. கூட்டிப் பாத்தா 26. மிச்சம் 4.

வருஷத்துக்கு 365 நாள்ல நாங்க ரெண்டு பேரும் எங்களுக்காக மட்டும் வச்சுக்கிட முடியுறது இந்த 4 நாளு. மலையைத் தேடும்போது இதைத்தான் மனசுல வச்சுக்கிட்டேன். ரூம் வாடகையில 200 ரூபா மிச்சம் பிடிக்கிறது பெருசில்ல, ரோட்டுல அரை நாளு வீணாப் போகக் கூடாது.

இதுல நான் ஏன் இவ்வளவு பிடிவாதமா இருக்கேன்னு சொல்லணும். 2023 டிசம்பர் 17, 18. நம்ம ஜில்லாக்காரங்க யாரும் மறக்க முடியாத தேதி. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. பக்கம் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நூத்துக்கணக்கான சனங்களோட நின்னுபோச்சு. தாமிரபரணி எங்க தெருவுக்குள்ள வந்துச்சு. கரண்ட் இல்ல, டவர் இல்ல. மூணு நாளு நாங்க உசுரோட இருக்கமா இல்லயான்னு தெரியாம அவரு அங்க டிவில ஹெலிகாப்டர் காட்டுறதையே பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. நாலாவது நாளு லைன் கிடைச்சப்ப ரெண்டு பேருக்கும் பேச்சு வரல. ஒரு நிமிஷம் சும்மா மூச்சுச் சத்தம்தான் கேட்டுச்சு. அப்புறம் அவரே சொன்னாரு, "அடுத்த லீவுல ரெண்டு நாளாவது நாம ரெண்டு பேரு மட்டும் இருக்கணும்ளா." அதுக்கடுத்த லீவு முழுக்கச் செங்கலும் சிமெண்டுமாப் போயிருச்சு. அதனாலதான் இந்தத் தடவ விடுறதா இல்ல.

சரி, மலைக்கு வருவோம்.

நெல்லைப் பக்கத்து ஆளுக்கு மலைன்னதும் வாயில வர்ற முதல் பேரு குத்தாலம். ஆனா அது ஆனி, ஆடிச் சாரலுக்குத்தான் லாயக்கு. பங்குனில போனா பாறையைப் பாத்துட்டு வரலாம்.

அடுத்து மாஞ்சோலை. கல்யாணத்துக்கு முன்னாடி சேக்காளிகளோட பஸ்ல போயிட்டு வந்த கதையை அவரு நூறு தடவ சொல்லியிருப்பாரு. இன்னிக்கு அந்தக் கதை மாறிப் போச்சு. சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து 1929-ல 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம் அது. 2024 ஜூனோட கம்பெனி வேலையை நிறுத்திருச்சு. தலைமுறை தலைமுறையா அங்கயே பிறந்து கொழுந்து பறிச்ச சனங்க வீட்டைக் காலி பண்ணிக் கீழ இறங்க வேண்டியதாச்சு. இப்பப் போகணும்னா வனத்துறை அனுமதி இல்லாம முடியாது. அனுமதி கிடைச்சாலும், அவங்க இறங்கி வந்த ரோட்டுல நாம செல்ஃபி எடுக்க ஏறிப் போறதுக்கு எனக்கு மனசு வரல.

மூணாறு? நல்ல குளுரு, தேயிலை, எல்லாம் உண்டு. ஆனா பிப்ரவரி, மார்ச் வரையாடு குட்டி போடுற காலம், அதனால இரவிகுளம் பார்க்கை மூடி வச்சிருப்பாங்க. அதுவுமில்லாம நம்ம ஊர்ல இருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர ஒரு முழு நாளு. நாலுல ரெண்டு நாளு ரோட்டுக்கே போயிரும்.

"சேக்காளிங்க ட்ரெக்கிங் போலாம்னு சொல்றானுவ"ன்னு நடுவுல ஒரு பிட்டப் போட்டாரு. பங்குனி வெயில்ல காட்டுப் புல்லு காய்ஞ்ச சருகா கிடக்கும், ஒரு பொறி போதும். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி குரங்கணியில காட்டுத் தீயில மாட்டிக்கிட்ட அந்தப் புள்ளைங்களை நினைச்சாலே இன்னமும் பதறுது. அதுக்கப்புறம் வனத்துறையும் தீ சீசன்ல மலையேத்தப் பாதையை மூடி வைக்குது. அது சரிதான். நடக்கணும்னா மலை மேல ஊருக்குள்ளயே நடக்க ஆயிரம் எடம் இருக்கு.

பாபநாசம், காரையாறு எங்க கணக்குல ஏற்கெனவே வந்தாச்சு. பங்குனி உத்திரத்துக்குப் போற குலசாமியே சொரிமுத்தையனார்தான். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள்ள, ஆத்தங்கரையிலயே இருக்கு கோயில். எங்க வீட்டுக்குப் பின்னாடி ஓடுற தண்ணியெல்லாம் அந்த வழியா இறங்கி வர்றதுதான். ஆனா அன்னிக்கு அத்தை, மாமா, நாத்தனார் பிள்ளைங்க, பொங்கப் பானை, வாடகை வேன்னு இருபத்திரெண்டு பேரு. அதுல போயி நாங்க தனியா நின்னு பேசுறதாவது!

ஆக, மிச்சம் கொடைக்கானல். ஏழாயிரம் அடி உயரம். பங்குனி, சித்திரையில பகல்ல இருபது டிகிரியை ஒட்டி இருக்கும், ராத்திரி பன்னெண்டு, பதிமூணுக்கு இறங்கும். புகை வரும்னு கியாரண்டி கிடையாது, விடியக்காலம் ஏரிக்கரைல நின்னா சான்ஸ் உண்டுன்னு சொல்லி வச்சிருக்கேன் :)) மே மாசம் மலர்க் கண்காட்சி சமயம் போனா ரூம் வாடகை எங்கயோ போயிரும். அதுக்கு முந்தி போயிரணும். 2024 மே 7-ல இருந்து கொடைக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வேணும்னு கோர்ட் உத்தரவு இருக்குல்லா, 2025 சீசன்ல கொடைக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000ன்னு வரம்பு கூட வச்சாங்க. அது கார்ல போறவங்க கவலை. அரசு பஸ்ல போறவனுக்கு அந்தத் தலைவலி கிடையாது. இல்லாதப்பட்டவனுக்கும் ஒரு நல்ல காலம்!

வழிதான் நான் கண்டுபிடிச்சதுலயே பெரிய விஷயம், பாத்துக்கிடுங்க. எல்லாரும் மதுரைல இறங்கி, ஆரப்பாளையம் போயி, வத்தலக்குண்டு வழியா ஏறுவாங்க. நான் போட்ட வழி வேற. திருச்செந்தூர்ல இருந்து பாலக்காடு போற ரயில் இருக்கு. ஸ்ரீவைகுண்டத்துல மத்தியானம் ஏறினா திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல் வழியா ராத்திரிக்குப் பழனி. ஒரே வண்டி, மாற வேண்டாம், எட்டு மணி நேரமும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பேசலாம். ரோட்டுல போற நேரம் வீணு, ரயில்ல போற நேரம் எங்களுக்குச் சொந்தம். ராத்திரி பழனில தங்கல். காலைல முருகனைப் பாத்துட்டு மலைப் பஸ். அறுபத்தஞ்சு கிலோமீட்டர்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொடைக்கானல்.

இதுல இன்னொரு வசதியும் இருக்கு. எங்க மாதிரி ஊர்ல புருஷனும் பொண்டாட்டியும் பிள்ளையை விட்டுட்டுத் தனியா மலைக்குப் போறோம்னா நாலு பேரு நாலு விதமா சிரிப்பாங்க. கல்யாணமாகி பத்து வருஷம் ஆனதுக்கப்புறம் என்ன கொண்டாட்டம்பாங்க. பழனிக்குப் போறோம்னா யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. செந்தூர் முருகன் கிட்ட இருந்து பழனி முருகன் கிட்ட, ஒரே டிக்கெட்ல ரெண்டு படைவீடு!

அத்தைகிட்ட அப்படித்தான் ஆரம்பிச்சேன். "பழனிக்குப் போயிட்டு, அப்படியே..."ன்னு இழுத்தேன். அத்தை அரிசி புடைச்சுக்கிட்டே நிமிராம கேட்டாங்க. "பழனிக்குப் போறவளுக்கு எதுக்குட்டி ஸ்வெட்டரு?" மொட்டை மாடிக் கொடில காயப் போட்டிருந்ததைப் பாத்துட்டாங்க போல. நான் முழிக்கிறதைப் பாத்துட்டு அவங்களே சொன்னாங்க. "உங்க மாமா மில்லு வேலைக்குன்னு பதினாலு வருஷம் கோயமுத்தூர்ல இருந்தாரு. நான் இங்கன. எங்கள யாரும் எங்கயும் போங்கன்னு சொல்லல. போயிட்டு வாங்க. பைய எங்கூட இருப்பான். வரும்போது பஞ்சாமிர்தம் மறந்துராத." அதுக்கு மேல அவங்களும் பேசல, நானும் பேசல. முறத்தை வாங்கி மீதி அரிசியை நான் புடைச்சேன்.

பைய மட்டும் லேசுல மடங்கல. அவனுக்குப் பரீட்சை நேரம். "அப்பா என்னோட எத்தனை நாளு?"ன்னு கணக்குக் கேட்டான். அம்மா புள்ளைல்லா! கடைசில மணப்பாடு கடக்கரைக்கு ஒரு நாளு, தூத்துக்குடில மக்ரூன் அரைக் கிலோன்னு ஒப்பந்தம் கையெழுத்தாச்சு.

இப்ப காசுக் கணக்கு. ரெண்டு பேருக்கு ரயில் 250. பழனி ரூம் 800. கோயில், சாப்பாடு 600. மலைப் பஸ் 300. கொடைல ரெண்டு ராத்திரி, 1,500 வீதம் 3,000. ரெண்டு நாள் சாப்பாடு 1,800. ஊரு சுத்த 1,000. திரும்ப மதுரை, நெல்லை வழியா பஸ் 900. பஞ்சாமிர்தம், மலைப்பூண்டு, இதர 1,000. மொத்தம் 9,650. இது முழுக்க நான் டியூஷன் எடுத்துச் சேத்தது. "நான் தாரேன்ளா"ன்னாரு. வேண்டாம்னுட்டேன். வருஷம் பூரா நீங்க அனுப்புறீங்க, இந்த நாலு நாளு நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. டவர் போயிருச்சோன்னு ரெண்டு தடவ ஹலோ சொன்னேன். "இருக்கேன்"னாரு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ரயில்ல புளியோதரை. உறங்காப்புளி ஊர்க்காரி வேற என்னத்தக் கட்டுவா?

மேல போயி என்ன பாக்கணும்ங்கிற லிஸ்ட் ரொம்பச் சின்னது. ஏரியைச் சுத்தி ஒரு நடை. 1863-ல மதுரைக் கலெக்டரா இருந்த லெவிஞ்ச் துரை வெட்டுன ஏரி. கோக்கர்ஸ் வாக்ல ஒரு சாயங்காலம். பில்லர் ராக்ஸ், மேகம் விட்டா. அப்புறம் கண்டிப்பா குறிஞ்சி ஆண்டவர் கோயில். இலங்கை சர் பொன்னம்பலம் ராமநாதனைக் கட்டி, லீலாவதின்னு பேர் மாத்திக்கிட்ட வெளிநாட்டு அம்மா 1936-ல கட்டுனது. அங்கன நின்னா கீழ பழனி மலை தெரியுமாம். அத்தைகிட்ட பழனின்னு சொன்னது மேல போனாலும் கண்ணு முன்னாடியே நிக்கும் பாருங்க.

குறிஞ்சிப்பூ இப்ப இருக்காது. 12 வருஷத்துக்கு ஒரு தடவ பூக்கிறது. 2018-ல பூத்துச்சு. அப்ப அவரு மஸ்கட்ல, நான் கைப்பிள்ளைக்காரி. அடுத்தது 2030. போன வாரம் ஃபோன்ல இதைச் சொன்னதும், "2030-ல லீவு கிடைக்கணுமே"ன்னாரு. நான் சொன்னேன், "அதுக்கு லீவு போட்டு வரக்கூடாது அத்தான். ஊர்ல இருந்தே கிளம்பணும்." அவரு உடனே பதில் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்படின்னா மேல போயி அதைப் பத்திப் பேசுவோம்"ன்னாரு.

ஆக, பேசுறதுக்கும் விஷயம் கிடைச்சாச்சு. இனி ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. கொடைக்கானல்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, 1,500 ரூபாக்குள்ள, காலைல வெந்நீர் ஒழுங்கா வர்ற ரூம் தெரிஞ்சா யாராவது சொல்லுங்க மக்கா. புண்ணியமாப் போகும்!