செருப்பைத் தேடாதீர்கள்

ஆபத்து நேரும்போது மனிதன் முதலில் எதைக் காப்பாற்ற முற்படுகிறான்? உயிரைத்தான் என்று நாம் அனைவரும் தயங்காமல் விடை கூறுவோம். நடப்பதோ வேறு. கையிலிருக்கும் பொருளையும், பழகிய பாதையையும், பிரிய மனமில்லாத உறவையும் நோக்கியே அவனுடைய கால்கள் திரும்புகின்றன. இந்த உண்மையை எனக்கு எடுத்துக்காட்டியது ஓர் ஆய்வுக்கூடம்.

நான் வரலாறு பயின்ற கலைப் பட்டதாரி. வேதியியலுக்கும் எனக்கும் உறவு இல்லை. நான் ஓதிக்கொடுக்கும் பொதட்டூர்பேட்டையோ நெசவாளர் ஊர். எங்கள் தெருக்களில் விடிந்தது முதல் தறிச் சத்தம் ஓயாது. இதே திருவள்ளூர் மாவட்டத்தின் மறுகோடியில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை இருக்கிறது. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அங்குள்ள ஆலையொன்றின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறார். பெருநாள் விடுமுறையில் வந்திருந்தபோது தம் பணியைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"ஹஜ்ரத், எங்களுக்கு முதல் நாள் கற்றுக்கொடுத்தது வேலையை அல்ல. வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியேறுவதைத்தான்" என்றார் அவர்.

அவர் விவரித்தவை எளிய ஏற்பாடுகளே. அமிலம் மேலே பட்டால் உடனே நின்று நனைவதற்கென ஒரு நீர்த்தூம்பு. கண்ணில் தெறித்தால் கழுவுவதற்கென ஒரு குழாய். கண்ணைப் பதினைந்து நிமிடமாவது விடாமல் கழுவவேண்டுமாம். அபாயச் சங்கு வேறெதற்கும் ஒலிக்காது. கேட்ட மாத்திரத்தில், செய்துகொண்டிருக்கும் சோதனை பாழானாலும் கதவை நோக்கி நடக்கவேண்டும். குறிப்பேட்டையோ கைப்பையையோ எடுக்க ஒருவரும் நிற்கலாகாது. வெளியே குறித்த இடத்தில் கூடியதும் வருகைப் பதிவேட்டைக் கொண்டு தலைகளை எண்ணுவார்கள். ஒருவர் குறைந்தால் பயிற்சி பெற்றவர்களே உள்ளே செல்வார்கள், நண்பர்கள் செல்லக்கூடாது. ஆபத்தான வேலையை எவரும் தனியே செய்வதும் இல்லை.

இவையெல்லாம் மிகையான அச்சம் என்று எண்ணிவிட வேண்டாம். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகம் நாட்டின் தலைசிறந்த ஆய்வு நிறுவனங்களுள் ஒன்று. அங்கே 2018 டிசம்பர் 5 அன்று ஆய்வுக்கூடம் ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் ஆய்வாளர் ஒருவர் உயிரிழந்தார், மூவர் காயமுற்றனர். கற்றவர்கள் கூடியிருக்கும் இடமாயினும் ஆபத்து வழிவிட்டு நிற்பதில்லை.

நமக்கு அருகில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கிய வேளையில், எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் உரத்தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் கண் எரிய, மூச்சுத் திணறக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அத்தகைய வேளையில் எத்திசையில் ஓடுவது என்பதே முதற்கேள்வி. காற்று வீசும் திசையிலேயே ஓடினால் நஞ்சும் உடன் வரும். காற்றுக்குக் குறுக்காகச் சென்று அதன் பாதையிலிருந்து விலகவேண்டும். அம்மோனியா நீரில் எளிதில் கரைவது; ஆகவே நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது ஓரளவு துணைசெய்யும். ஆலைகளில் உயரக் கம்பத்தில் துணிக்குழல் ஒன்று பறப்பது காற்றின் திசையைக் காட்டுவதற்கே. அபாயகரமான இரசாயனங்களைக் கையாளும் ஆலைகள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஒத்திகை நடத்தவேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு விதிகளில் உண்டு.

ஆலைக்கு ஒத்திகை உண்டு. பிள்ளைகள் கூடும் இடத்திற்கு வேண்டாமா? இக்கேள்வி என்னை விடவில்லை. எங்கள் மதரஸா மாடியில் நடக்கிறது. படிக்கட்டு ஒன்றே. கீழ்த்தளத்தை அடுத்து நூல் மூட்டைகள் அடுக்கிய கிடங்கு. பஞ்சிலும் நூலிலும் தீப்பொறி பட்டால் என்னவாகும் என்பதை நெசவாளர் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜமாஅத் நிர்வாகிகளிடம் பேசி, அனுமதி பெற்று, ஒரு மாலைப்பொழுதில் ஒத்திகை வைத்தோம்.

மூன்று செய்திகள் அன்று வெளிப்பட்டன. மணி அடித்ததும் பிள்ளைகள் முதலில் ஓதிக்கொண்டிருந்த ஜுஸ்வை மூடி, முத்தமிட்டு, அலமாரியில் வைக்க வரிசையில் நின்றார்கள். நாங்கள் வளர்த்த ஒழுக்கம் அது, குறைகூற முடியுமா? அடுத்து, படிக்கட்டின் அடியில் குவிந்திருந்த செருப்புகளில் தத்தம் செருப்பைத் தேடிக் குனிந்தார்கள். மேலிருந்து வந்தவர்கள் அவர்கள்மேல் மோதி நின்றார்கள். மூன்றாவதாக நடந்ததை எண்ணினால் இன்றும் என் உடல் நடுங்குகிறது. பாதுகாப்பாக வெளியே வந்துவிட்ட பத்து வயதுச் சிறுவன் ஒருவன், "தங்கச்சி வரலியே!" என்று கூவிக்கொண்டு, இறங்கும் கூட்டத்தை எதிர்த்து மீண்டும் படியேறினான். அது ஒத்திகை. மெய்யான புகையாக இருந்திருந்தால்?

இவற்றுக்கு நாங்கள் கண்ட வழிகளைச் சொல்கிறேன். பள்ளிவாசல் இமாம் அவர்களே பிள்ளைகளை அமர்த்தி, "உயிரைக் காப்பது கடமை. அந்த வேளையில் ஜுஸ்வை ரிஹாலிலேயே விட்டு எழுவது அவமதிப்பு ஆகாது" என்று விளக்கினார்கள். செருப்பு வைக்கும் இடம் படிக்கட்டைவிட்டுத் தெருப்பக்கச் சுவரோரம் மாற்றப்பட்டது; அபாயம் என்றால் வெறுங்காலோடு ஓடவேண்டும் என்பது விதியாயிற்று. தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் ஊதல் ஒன்று, அபாயத்திற்கு மட்டும் என வாங்கினோம். பெரிய பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பிள்ளையின் கையை ஒப்படைத்தோம். அந்தச் சிறுவனுக்கு அவன் தங்கையையே இணையாக்கினோம். அவனை ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. பாசத்தைத் தடுக்க முடியாது. அதற்கு வழி வகுத்துக்கொடுக்கலாம்.

"ஓதுகிற இடத்தில் நெருப்பைப் பற்றிப் பேசலாமா?" என்று சில பெற்றோர் வருந்தினார்கள். அவர்களுக்கு மினாவை நினைவூட்டினேன். 1997 ஏப்ரல் 15 அன்று, ஹஜ்ஜின்போது, அந்தப் புனிதத் தலத்தில் கூடாரங்கள் தீப்பற்றி 343 பேர் மாண்டனர். அதன்பின்னரே எளிதில் தீப்பற்றாத கூடாரங்கள் அங்கே நிறுவப்பட்டன. புனித மண்ணிலேயே முன்னெச்சரிக்கை தேவைப்படும்போது நம் தெருவுக்குத் தேவையில்லையா? நம் மாநிலத்தில் கும்பகோணத்தை மறக்க இயலுமா? 2004 ஜூலை 16 அன்று கூரை பற்றிய அந்தப் பள்ளியில் 94 பிஞ்சுகளை இழந்தோம். அங்கேயும் படிக்கட்டு குறுகலானதே.

மூன்றாம் ஒத்திகையில் எங்கள் பிள்ளைகள் முதல் முறையில் ஆன நேரத்தில் பாதிக்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். தலைகளை எண்ணினோம், கணக்கு சரியாக இருந்தது. இன்னும் ஒரு குறை உண்டு. இரண்டாவது படிக்கட்டு ஒன்று வேண்டும். நிர்வாகிகள் முயல்கிறார்கள், இன்ஷா அல்லாஹ் நிறைவேறும்.

சகோதர சகோதரிகளே! இரவில் உங்கள் வீட்டு இரும்புக் கதவைப் பூட்டியபின் சாவி எங்கே இருக்கிறது? பெரியவரின் தலையணைக்கடியிலா? இருட்டில் அதை எடுக்க உங்கள் மகளுக்குத் தெரியுமா? வெளியே ஓடினால் எந்த மரத்தடியில், எந்தத் திண்ணையில் கூடுவது என்று வீட்டார் பேசி வைத்திருக்கிறீர்களா? 112 என்னும் எண் பாட்டிக்கும் பேரனுக்கும் தெரியுமா? நகையையும் பத்திரத்தையும் தேடி உள்ளே திரும்புவதில்லை என்று இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். இவ்விதழைப் படித்து முடித்ததும் எழுந்து அந்தச் சாவியைக் கதவருகே ஓர் ஆணியில் மாட்டுங்கள். சிறு பிள்ளையின் கைக்கு எட்டாமலும் பெரிய பிள்ளையின் கைக்கு எட்டியும் அது இருக்கட்டும்.