நீலமும் கருமையும்

பாலக்காடு மாவட்டத்து எருத்தேன்பதி, தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் எல்லைப்பகுதியாகும். இவ்விரு மொழிகளிலும் ‘பச்சை’, ‘பச்ச’ என்பன திராவிட வேரின. ‘நீலம்’, ‘நீல’ என்பனவோ வடமொழித் தொடர்புடையன என்பர். வடமொழியில் அச்சொல் கருமையையும் தன்னுள் அடக்கியது.

செருமானிய மொழிகளிலும் இந்நிலை உண்டு. பழைய நார்சு மொழியின் ‘பிளார்’ காக்கையின் கருமைக்கும் வழங்கிற்று; அதன் வழிவந்த ஐசுலாந்துச் சொல் இன்று நீலத்தையே குறிக்கிறது. ஆங்கிலப் ‘புளூ’ பழைய பிரெஞ்சின் வழியே வந்ததாயினும் அதன் மூலம் செருமானியமே. அண்டை மொழியான வேல்சில் ‘கிளாஸ்’ என்பது நீலத்துக்கும் பசுமைக்கும் பொதுவாக வழங்கியது.

நிறப்பெயர்கள் தோன்றும் வரிசையில் நீலம் பிந்தியது எனப் பெர்லினும் கேயும் 1969-இல் கூறினர். தனிப்பெயர் பிந்தியமையால் அந்நிறத்தைப் பழையோர் கண்டிலர் எனல் பொருந்தாது. மாயோன் என்னும் பெயர் கருமை குறிக்கும் ‘மா’ என்பதனடியாகப் பிறந்தது. எனினும் அவன் மேனிக்கு முகிலொடு கடலும், காயாம்பூவும், நீலமணியும் உவமையாயின. இவற்றிடையே பழந்தமிழ்ப் புலவர் முரண் கண்டிலர்.

அவனைக் ‘கரியவன்’ என்றோ ‘நீலநிறத்தவன்’ என்றோ பிறமொழியில் பெயர்ப்பவர் ஒரு பாதியை இழக்கின்றனர். ஆதலின் மொழிபெயர்ப்பாளர் இக்கால நிறப்பட்டியலை விடுத்து, பாடல்தோறும் வரும் உவமையை நோக்கிச் சொல் தேர்தல் வேண்டும்.