புகையைத் தாங்கும் பயிர் எது?

காற்று மாசு என்றதும் இருமல், ஆஸ்துமா, முகமூடி என்றுதான் பேச்சு போகும். வயலில் நிற்கும் பயிரும் அதே காற்றைத்தான் இழுக்கிறது. அதற்கு முகமூடி கிடையாது, ஊரை விட்டுப் போகவும் முடியாது!

இலைகளில் இலைத்துளைகள் என்னும் நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. கரியமில வாயு உள்ளே போவதும் நீராவி வெளியே வருவதும் இந்த வழியாகத்தான். ஓசோனும் இதே வழியில் நுழைகிறது. வானத்தின் உயரத்தில் இருக்கும் ஓசோன் உயிர்களைக் காக்கிறது. தரையை ஒட்டிய ஓசோன் அப்படியல்ல. வண்டிப் புகையிலும் ஆலைப் புகையிலும் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும், எளிதில் ஆவியாகும் கரிமப் பொருட்களும் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது அது. உள்ளே போனதும் செல்களின் சவ்வைக் கெடுக்கிறது. இலை சீக்கிரம் பழுக்கிறது, மணி சிறுத்துப் போகிறது.

எல்லாப் பயிரும் ஒரே மாதிரி அடிவாங்குவதில்லை. கோதுமை, சோயா, பருத்தி, பயறு வகைகள் ஓசோனால் எளிதில் பாதிக்கப்படும். நெல், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு நடுத்தரம். பார்லி நன்றாகத் தாங்கும். ஆனால் கந்தக டை ஆக்சைடு வந்தால் வரிசையே மாறிவிடும்! அங்கே பார்லியும் குதிரைமசாலும் முதலில் வாடும், மக்காச்சோளம் தாக்குப்பிடிக்கும். ஆகவே 'மாசைத் தாங்கும் பயிர்' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்த மாசு என்று முதலில் கேட்க வேண்டும்.

சரி, தாங்கும் பயிர் அப்படி என்னதான் செய்கிறது? 1966ல் எங்கிள், கேபல்மன் என்ற இருவர் வெங்காயத்தில் செய்த ஆய்வு இதைக் காட்டியது. ஓசோன் பட்டதும் தாங்கும் ரகம் இலைத்துளைகளை மூடிக்கொண்டது. தாங்காத ரகம் திறந்தே வைத்திருந்தது. கலவரம் என்றதும் ஷட்டரை இறக்கும் கடைக்காரர் மாதிரி! சரக்கு தப்பும், ஆனால் வியாபாரமும் நிற்கும். துளையை மூடினால் கரியமில வாயுவும் வராதே.

இன்னொரு வழி, உள்ளே வந்த ஓசோனை வைட்டமின் சி போன்ற பொருட்களால் முறிப்பது. அதற்கும் செடி தன் சேமிப்பிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். அதிக விளைச்சலுக்காக உருவான புதிய கோதுமை ரகங்கள் பல, துளைகளை நன்றாகத் திறந்து வைப்பதால் பழைய ரகங்களைவிட அதிகம் பாதிக்கப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. லாபம் கூடினால் ஆபத்தும் கூடும் என்பது வயலுக்கும் பொருந்துகிறது.

இந்த நஷ்டம் எவ்வளவு? 2005ஆம் ஆண்டில் மட்டும் இந்தியா ஓசோனால் சுமார் 35 லட்சம் டன் கோதுமையையும் 21 லட்சம் டன் அரிசியையும் இழந்ததாக 2014ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

இதை யார் ஈடுகட்டுவது? கனடாவின் ட்ரெயில் நகர உருக்காலையின் கந்தகப் புகை, எல்லை தாண்டி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து வயல்களையும் காடுகளையும் கெடுத்தது. 1938ல் நடுவர் மன்றம் 78,000 டாலர் இழப்பீடு விதித்தது. அங்கே புகை எந்த ஆலையிலிருந்து வந்தது என்று கைகாட்ட முடிந்தது. ஓசோனுக்கு அப்படி ஒரு புகைபோக்கி கிடையாது. நகரத்தில் கிளம்பிய புகை, காற்றோடு போய் வழியில் ஓசோனாகி, எங்கோ ஒரு கிராமத்துக் கோதுமை வயலில் இறங்குகிறது. விளைச்சல் குறைந்த விவசாயி விதையைக் குறை சொல்வார், உரத்தைக் குறை சொல்வார், தன் தலையெழுத்தையும் நொந்துகொள்வார். காற்றைக் குறை சொல்ல அவருக்குத் தோன்றாது.

தாங்கும் ரகங்களைத் தேடுவது நல்லதுதான். ஆனால் பயிர் தாங்கிக்கொள்வதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் புகை விட்டவர் அல்ல, விதைத்தவர்தான்.