முள்ளெலியும் ஆடும்

அரைக் கிலோ சூரை வாங்கி வருவதென்ற சாதாரண சங்கல்பத்துடன், 2011இல் புறக்கோட்டை சென் ஜோன்ஸ் சந்தையிலிருந்து களனி ஆற்றுக்கு இப்பால் இடம்பெயர்ந்து வந்த பேலியகொடை மீன் சந்தைக்குள் ஒரு விடியற்காலையில் நுழைந்த நான், சற்று நேரத்துக்கெல்லாம் 8 கிலோவுக்குக் குறையாத ஒரு முழு அறக்குளாவைச் சுமந்துகொண்டு வெளியே வந்தேன். வீட்டில் நாங்கள் இருவரே; குளிர்சாதனப் பெட்டியோ ஒரு தயிர்ச் சட்டிக்கும் பாதித் தேங்காய்க்கும் மேல் இடங்கொடாதது. மீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த என் மனைவி, "உங்களுக்கென்ன விசரே?" என்றாள். நாய்க்குப் பிடித்தாலும் மனிதனுக்குப் பிடித்தாலும் எங்கள் நாட்டுத் தமிழில் அதற்கு ஒரே பெயர்தான்.

வெள்ளவத்தையில் வசிக்கும் என் நண்பர், இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர், தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சிரித்தார். "விசர் இல்லை ஐசே, இது கப்ரீஸ். ஆட்டுக்கு இத்தாலியன் வைத்த பெயர் காப்ரா. ஆடு நின்ற நிலையில் திடீரென்று துள்ளுமே, அந்தத் துள்ளல்!"

ஆட்டுக் கதைக்குப் பெரிய இடத்து ஆதரவும் உண்டு. ஷேக்ஸ்பியரே 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில், ஆடுகளைச் சாட்டிப் பேசும் விதூஷகனின் வாயில் இந்தச் சொல்லின் உறவினமொன்றை வைத்துச் சிலேடை செய்திருக்கிறார். ஆனால் சொற்பிறப்பு ஆராய்ந்த பலர் சொல்வது வேறு. இத்தாலிய மொழியில் 'காப்போ' என்பது தலை. 'ரிச்சோ' என்பது முள்ளெலி. பீதியினால் தலைமயிர் முள்ளெலியின் முட்களைப்போல் குத்திட்டு நிற்பதே 'கப்ரிச்சோ' என்னும் சொல்லின் பூர்வ அர்த்தம். காலப்போக்கில் பயம் கழன்று, காரணமின்றி எழும் எண்ணம் மட்டும் எஞ்ச, ஒலி ஒப்புமையால் ஆடும் வந்து ஒட்டிக்கொண்டது. அப்பொருளிலேயே அச்சொல் 'கப்ரீஸ்' ஆகிப் பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குக் குடியேறிற்று. 1799இல் ஸ்பானிய ஓவியர் கோயா இதே பெயரில் வெளியிட்ட 80 சித்திரங்களிலோ, ஆந்தையும் வௌவாலும் சூனியக்காரியுமாக அந்தப் பழைய பயம் மீண்டும் தலைகாட்டுகிறது.

நம்மவர் ரோமாஞ்சத்தைப் பக்திக்கும் பயத்துக்கும் ஒதுக்கிவிட்டு, மனத்தின் சபலத்தைக் குரங்கின் தலையில் கட்டினார்கள். ஆடானாலும் குரங்கானாலும், பழி ஏதோவொரு வாயில்லாப் பிராணிக்குத்தான்.

எனக்கு முள்ளெலியே நியாயமாகப் படுகிறது. அன்று சந்தையில் பனிக்கட்டி லொறியொன்றின் கதவைத் திறந்தபோது வெண்புகை தரையோடு பரவிவந்தது. ஈரச் சீமெந்தின்மேல், நீலம் ஓடிய வெள்ளி முதுகும் பக்கங்களில் மங்கிய வரிகளுமாக அந்த அறக்குளா கிடந்தது. வியாபாரி சிங்களத்தில் விலை கூவிக்கொண்டிருந்தான். குளிர்காற்று முழங்கைவரை ஏறி மயிர்க்கூச்செறிந்த அந்தக் கணத்தில், என் விரல் மீனின் முதுகைத் தொட்டிருந்தது. யோசித்து ஆசைப்பட்டதாக ஞாபகமில்லை; தோல் முந்திக்கொண்டது, மனம் பின்னால் வந்து சாட்சிக் கையெழுத்து வைத்தது.

அயல் வீடுகளுக்குப் பங்கு போனபின், அன்று மாலையே நடுத்துண்டுகளில் பெரியதொன்றை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போய், நண்பருக்கு முள்ளெலியின் சரித்திரத்தைச் சாங்கோபாங்கமாக விளக்கினேன். மீனை வாங்கிக்கொண்டார், முள்ளெலியை ஏற்கவில்லை.